சௌ டொக் சந்தையும் புளித்த மீனும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வியட்நாமிலிருந்து எடுத்து வந்த படங்களில் ஹனோய் இருந்தது, ஹா லாங் விரிகுடா இருந்தது. அவற்றைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சௌ டொக் ஊர்ச் சந்தையில் பெரிய தாம்பாளத்தில் செக்கச்செவேலென்று குன்று மாதிரி குவித்து வைத்திருந்த, 'மம்' என்கிற புளித்த மீன் படத்துக்குத்தான் இன்றுவரை கேள்வி வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டு, பதிலையும் எழுதி வைத்துவிட்டேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகும்.

அது எந்த ஊர்? பேரே வாயில நுழையல.

சௌ டொக். வியட்நாமின் தெற்கே, மேகாங் கழிமுகத்தில், கம்போடிய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் ஆற்றங்கரை ஊர். ஹோ சி மின் நகரத்திலிருந்து சுமார் 250 கிலோமீட்டர், பஸ்ஸில் ஆறு மணி நேரம் பிடிக்கும். மேகாங்கின் கிளையான ஹௌ ஆறு ஊரை ஒட்டி ஓடுகிறது. கம்போடியத் தலைநகர் ப்னோம் பென்னிலிருந்து வேகப் படகில் ஆற்று வழியாகவே வந்து இறங்கலாம், விசா மட்டும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்.

ஆன் யாங் மாகாணத்தைச் சேர்ந்தது. 2025 ஜூலையில் வியட்நாம் தன் மாகாணங்களை இணைத்துக் குறைத்தபோது பக்கத்து கியென் யாங்கும் இதோடு சேர்ந்துவிட்டது. அதனால் மீன் சாஸுக்குப் பேர்போன ஃபூ குவொக் தீவும், புளித்த மீனுக்குப் பேர்போன சௌ டொக்கும் இப்போது ஒரே மாகாணம். நாற்றத்தை ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள் என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு.

மம், மம்னு சொல்றீங்களே, அது கருவாடா, இல்ல மீன் சாஸா?

இரண்டும் இல்லை. கருவாடு என்றால் உப்புப் போட்டு வெயிலில் காய வைப்பது, ஈரம் போய்விடும். மம்மில் ஈரம் அப்படியே இருக்கும். மீனை உப்போடு சாடியில் அடைத்து, மாதக்கணக்கில் அதன் சொந்த நீரிலேயே ஊற விடுகிறார்கள். தொட்டால் ஊறுகாய்த் துண்டு மாதிரி மெத்தென்று இருக்கும். நாம் மாங்காயைப் போடுவதை அவர்கள் மீனில் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், பாதி புரிந்துவிடும்.

கடைகளில் பாட்டிலில் கிடைக்கும் மீன் சாஸுக்குப் பெயர் நூக் மம். 'நூக்' என்றால் தண்ணீர், அதாவது மம்மின் தண்ணீர். ஃபூ குவொக்கில் கடல் நெத்திலியை உப்பில் போட்டு, வடிகிற நீரை மட்டும் எடுக்கிறார்கள். சௌ டொக்கில் மீனையே சாப்பிடுகிறார்கள், அதுவும் பெரும்பாலும் நன்னீர் மீன். மம் என்றதும் குழந்தைக்கு ஊட்டும் 'மம்மு' ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.

உண்மையைச் சொல்லுங்க, அழுகின மீனைத்தானே விக்கிறாங்க?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத ஆரம்பித்தேன். இல்லை. மீனை அழுக வைக்கும் கிருமிகள் பெருகாத அளவுக்கு உப்பு போடுகிறார்கள். அளவு வீட்டுக்கு வீடு மாறும், ஆனால் நாலைந்து பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்று வைத்தால் பெரிதாகத் தப்பாகாது. அவ்வளவு உப்பில் தாக்குப்பிடிப்பவை புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள். மீனின் உடம்பிலேயே இருக்கும் நொதிகள் சதையை மெல்ல உடைக்கின்றன, புரதம் கரைந்து அந்த ஆழமான சுவை வருகிறது. தோசை மாவு பொங்குவதைப் பார்த்து யாரும் மாவு அழுகிவிட்டது என்று சொல்வதில்லையே.

வாசம் கடுமைதான், அதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அழுகின மீனின் வீச்சத்தையும் மம்மின் வாசத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் மூக்குக்கே தெரியும். மம்மில் புளிப்பும் வறுத்த அரிசி மணமும் லேசான இனிப்பும் கலந்திருக்கும். அந்த அரிசியும் இனிப்பும் எங்கிருந்து வந்தன என்பது அடுத்த பதிலில்.

எப்படிச் செய்யறாங்க? வீட்ல செஞ்சு பாக்கலாமா?

முதலில் மீனைச் செதில் உரசி, குடல் எடுத்து, தலையை நறுக்கிக் கழுவுகிறார்கள். சின்ன மீன் முழுசாகவே போகும். உப்புப் போட்டு சாடியிலோ பீப்பாயிலோ சில வாரம் வைக்கிறார்கள். அப்புறம் எடுத்து, 'தின்' என்கிற பொடியைப் புரட்டுகிறார்கள். அது அரிசியைப் பொன்னிறத்துக்கும் மேலே, நல்ல பழுப்பாக வறுத்து அரைத்த பொடி. இந்தப் பொடிதான் விஷயமே. அரிசியின் மாவுச்சத்து நுண்ணுயிர்களுக்குத் தீனி, அதிலிருந்து புளிப்பு உருவாகிறது. வறுத்த மணம் மீன் வீச்சத்தை அமுக்குகிறது.

பொடி புரட்டிய மீனை மறுபடி சாடியில் அடுக்கி, மேலே மூங்கில் சிம்புகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகி இறுக்குகிறார்கள். மீன் மேலே மிதந்து வந்தால் அந்த இடம் கெட்டுப்போகும், அதனால் உப்புநீருக்குள்ளேயே அமுக்கி வைக்க இந்த ஏற்பாடு. இதற்கு 'காய்' என்று தனிச் சொல்லே இருக்கிறது. கடைசியில் பனங்கருப்பட்டியைப் பாகு காய்ச்சி, ஆற வைத்து, மீனோடு கலப்பார்கள். அதற்குப் பெயர் 'சாவ்'. கடையில் பார்க்கும் அந்தச் சிவப்பும் மினுமினுப்பும் பெரும்பாலும் இந்தப் பாகினால் வருவது. சின்ன மீனுக்கு மொத்தமாக மூன்று நான்கு மாதம், பெரிய விராலுக்கு அதற்கும் மேலே.

வீட்டில்? அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் வேண்டாம். உப்பின் அளவு தவறினால் மேலே சொன்ன கணக்கெல்லாம் தலைகீழாகும், அப்போது அது நிஜமாகவே அழுகின மீன்.

பனங்கருப்பட்டியா? பனை நம்ம ஊர் மரம்தானே?

அவர்களும் அதையேதான் சொல்வார்கள். சௌ டொக்கிலிருந்து தெற்கே போனால் பய் நுயி, அதாவது ஏழு மலை என்கிற பகுதி வரும். வயல் வரப்பெல்லாம் பனை. நம் பனையேதான், இனம்கூட மாறவில்லை. அங்கே வாழும், கம்போடியர்களின் இனமான கெமர் மக்கள் மூங்கிலை ஏணியாகக் கட்டி மரமேறி, பாளை சீவிப் பதநீர் இறக்கி, பெரிய வாணலியில் காய்ச்சி வட்ட வில்லைகளாக வார்க்கிறார்கள். ஓலையில் சுற்றிய வில்லைகள் சௌ டொக் சந்தையில் மம் கடைக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும். நுங்கும் உண்டு, சர்க்கரைத் தண்ணீரில் போட்டு ஐஸோடு தருவார்கள். வியட்நாமிய மொழியில் பனைக்குப் பெயர் 'தொத் நொத்', கெமர் மொழியிலிருந்து வந்த சொல்.

மரம் மட்டுமா, விராலும் ஒன்றுதான். அவர்கள் 'கா லொக்' என்று சொல்லும் மீனும் நம் குளத்து வரி விராலும் ஒரே இனம். விராலும் கருப்பட்டியும் இரண்டு ஊரிலும் இருக்க, இரண்டையும் ஒரே சாடியில் போடலாம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

எத்தனை வகை இருக்கு? முதல் தடவைன்னா எதை வாங்கணும்?

ஒரே கடையில் பத்து இருபது தாம்பாளம் பார்க்கலாம். 'கா லின்' என்பது விரலளவு கெண்டை இன மீன், வெள்ளத்தோடு வருவது. 'கா சக்' நம்மூர் மீன்தொட்டிக் கடைகளில் குராமி என்று விற்கும் மீனின் உறவு. 'கா சொட்' சின்ன கெளுத்தி, மீசையோடே புளித்திருக்கும். விரால் மம் தடிமனான துண்டு, விலையும் கூடுதல். மீன் குடலை மட்டும் போட்டது ஒன்று உண்டு, பழகினவர்கள் அதற்குத்தான் அலைவார்கள். 'பா கியா' என்று முழு நண்டும் இருக்கும், அது மீனே இல்லை, கடலோரச் சதுப்புக் காடுகளிலிருந்து வருவது.

முதல் தடவை என்றால் அடுத்த கேள்வியில் வரும் மம் தாய். சமைத்துச் சாப்பிட கா சக் அல்லது கா லின், குழம்பில் கரைந்துவிடும், முள் பயம் இல்லை. நண்டைக் கடைசிக்கு வையுங்கள்.

'மம் தாய்'னா தாய்லாந்து மம்மா?

இல்லை. எல்லோரும் விழும் பள்ளம் இது, எழுத்துக்கூட்டல்கூட ஒன்றுதான். இங்கே 'தாய்' என்றால் நறுக்குவது, சீவுவது. புளித்த விராலை முள் நீக்கி மெல்லிசாகக் கீறி, சீவி உலர்த்திய பப்பாளிக்காயோடு கலந்து, பாகும் பூண்டும் மிளகாயும் சேர்த்தது. சமைக்காமலே சாப்பிடுவார்கள். வேகவைத்த பன்றி இறைச்சி, அரிசி நூடுல்ஸ், கீரைகள், வாழைக்காய்ச் சீவல், கொஞ்சம் புளிப்புக்கு விளிம்பிப்பழம், எல்லாவற்றையும் ஒரு வாய்க்குள் அடைப்பது முறை.

பப்பாளிக்காய் நறுக் நறுக்கென்று இருக்கும், மீன் எது காய் எது என்று கண்ணுக்குத் தெரியாது. முதலில் இனிப்பு, அப்புறம் உப்பு, விழுங்கிய பிறகுதான் மீன். எனக்குப் பழகியது இதிலிருந்துதான்.

சந்தைக்குள்ள மூக்கைப் பொத்திக்கணுமா?

முதல் பத்து நிமிஷம் ஆசையாக இருக்கும், பொத்தாதீர்கள். விற்பவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பத்து நிமிஷத்தில் மூக்கு பழகிவிடும், பொத்தியவர்களுக்குத்தான் கடைசிவரை பழகாது.

உள்ளே கடைகள் நெருக்கமாக இருக்கும். மம்மைத் தாம்பாளத்தில் சும்மா கொட்டி வைக்க மாட்டார்கள். மீன்களை ஒன்றன்மேல் ஒன்று வட்டமாகச் சாய்த்து அடுக்கி, கூம்பு மாதிரி உயர்த்தி, மேலே பாகை ஊற்றியிருப்பார்கள். நான் நின்ற கடையில் ஒரு அம்மா ஒரு கிலோ கா சக் எடுத்துக் கொடுத்த பிறகு கூம்பில் விழுந்த பள்ளத்தை அப்படியே விடவில்லை. பக்கத்திலிருந்த மீன்களைக் கரண்டியின் பின்பக்கத்தால் ஒவ்வொன்றாகத் தள்ளி, பள்ளம் தெரியாமல் மூடி, அடியில் தேங்கிய பாகை மொண்டு மேலே விட்டுப் பளபளப்பாக்கிவிட்டுத்தான் என்னிடம் காசே வாங்கினார். பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள், யாரும் அவசரப்படுத்தவில்லை.

எந்த மாசம் போகணும்? எத்தனை மணிக்கு?

மம் வருஷம் முழுக்கக் கிடைக்கும், அதற்காகத்தானே புளிக்க வைப்பது. ஆனால் ஊரைப் புரிந்துகொள்ள ஆகஸ்டிலிருந்து நவம்பருக்குள் போங்கள். அதை அவர்கள் 'நீர் மிதக்கும் பருவம்' என்கிறார்கள். மழைக்காலத்தில் மேகாங் பெருகி, கம்போடியாவின் தொன்லே சாப் ஏரிக்குள் தண்ணீர் பின்னோக்கி ஏறும், வயல்களெல்லாம் ஏரியாகும். அந்த வெள்ளத்தோடு கா லின் கூட்டம் கூட்டமாகக் கீழே இறங்கி வரும். ஒரே சமயத்தில் தின்றுதீர்க்க முடியாத மீன், குளிர்பெட்டி இல்லாத காலம். உப்பும் சாடியும்தான் வழி. மம் என்பது அந்த வெள்ளத்தை வருஷம் முழுக்கப் பிரித்துச் சாப்பிடும் ஏற்பாடு. அதே பருவத்தில் அகத்தி இனத்தைச் சேர்ந்த 'தியென் தியென்' மஞ்சள் பூவும் குவியும், மம் குழம்பில் போட அதற்கு ஈடு இல்லை.

நேரம், விடிகாலை. ஐந்து ஆறு மணிக்கு உயிர்மீன், காய்கறிக் கூட்டம். மம் கடைகளை நிதானமாகப் பார்க்க ஒன்பது மணிக்கு மேல் வரலாம். சந்திர நாட்காட்டியின் நாலாம் மாதம், ஏப்ரல் மே ஜூன் வாக்கில், சாம் மலை அம்மனான பா சுவா சூ திருவிழா வரும். 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் பட்டியலில் ஏறிய விழா. கோயில் ஊரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். வந்த கூட்டமெல்லாம் வீட்டுக்குத் திரும்பும் வழியில் மம் வாங்கும், அதனால் கும்பல் பிடிக்காதவர்கள் அப்போது தவிர்க்கலாம். இவ்வளவு சின்ன ஊரில் இவ்வளவு மம் எப்படி விற்கிறது என்றும் ஒருவர் கேட்டார், பாதிப் பதில் இந்த யாத்திரைக் கூட்டம்.

பேரம் பேசலாமா? அவங்களை எப்படிக் கூப்பிடறது?

மம்முக்குப் பெரும்பாலும் விலை அட்டை செருகியிருக்கும், கிலோ கணக்கு. பெரிதாகக் குறையாது, நாலைந்து வகை சேர்த்து வாங்கினால் கொஞ்சம் கூடப் போட்டுத் தருவார்கள். கருவாட்டில் பேசலாம்.

கூப்பிட உறவுமுறைதான், நமக்குப் பழகியதே. உங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர் என்றால் 'சி', அக்கா. அம்மா வயதென்றால் 'கோ' அல்லது 'யீ', அத்தை, சித்தி மாதிரி. தெற்கில் ஒரு வேடிக்கை, வீட்டின் மூத்த பிள்ளையை 'இரண்டாவது' என்றுதான் அழைப்பார்கள், முதலாவது என்று யாருமே கிடையாது. ஒரு 'சி ஹாய்', அதாவது இரண்டாவது அக்கா, சொல்லிப் பாருங்கள், பல்குத்தும் குச்சியில் ஒரு துண்டு ருசிக்க வந்துவிடும்.

எல்லாக் கடையிலயும் ஒரே மாதிரி பேரா இருக்கே, எது ஒரிஜினல்?

பலகைகளில் 'பா யாவ்' என்று ஆரம்பிப்பது நிறைய. டீச்சரம்மா என்று பொருள். அப்படி ஒரு பெயர் புகழ்பெற்ற பிறகு ஊரெல்லாம் டீச்சரம்மாக்கள் முளைத்துவிட்டார்கள். பெயருக்குப் பின்னால் 55555 என்று எண்ணைப் போட்டுத் தன்னை வேறுபடுத்திக் காட்டும் கடையும் உண்டு. நான் பெயரைப் பார்த்து வாங்கவில்லை. ருசி பார்க்கக் கொடுத்தார்களா, மீன் உடையாமல் முழுசாக இருக்கிறதா, நிறம் கண்ணைப் பறிக்கும் சிவப்பாக இல்லாமல் பழுப்புக் கலந்திருக்கிறதா, இவ்வளவுதான் பார்த்தேன்.

வாங்காம அங்கேயே சாப்பிட என்ன கிடைக்கும்?

'புன் மம்' கேளுங்கள். மம்மைத் தண்ணீரில் கரைய விட்டு, முள்ளை வடிகட்டி, எலுமிச்சைப்புல் போட்டுக் காய்ச்சிய குழம்பு, அரிசி நூடுல்ஸ் மேலே ஊற்றி, இறால், மீன், பன்றி இறைச்சி, கத்தரிக்காய் சேர்ந்து வரும். நாலு பேராகப் போனால் 'லௌ மம்', அதே குழம்பு அடுப்போடு மேஜைக்கு வரும், தட்டு நிறையக் கீரையும் அல்லித் தண்டும் பூவும் வரும், நாமே போட்டு வேகவைக்க வேண்டும். முட்டையும் மம்மும் அரைத்த இறைச்சியும் கலந்து ஆவியில் வேகவைப்பது இன்னொன்று, சோற்றுக்கு அருமையான துணை.

காலையில் ஊரே சாப்பிடுவது மஞ்சள் போட்ட விரால் நூடுல்ஸ். மஞ்சள் வாசம் வந்ததும் ஒரு நிமிஷம் எந்த ஊரில் இருக்கிறோம் என்று குழம்பும்.

நான் சைவம். / நாங்க ஹலால் பாப்போம். எங்களுக்கு என்ன?

சைவத்துக்கு மம் உண்டு, 'மம் சாய்' என்பார்கள். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் விரதம் இருக்கும் பௌத்தர்கள் அங்கே ஏராளம், அவர்களுக்காகப் பப்பாளிக்காயும் சோயாவும் வைத்துச் செய்வது. 'சாய்' என்ற சொல்லைக் காதில் கேட்டு உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள், கண்ணால் பார்த்தால் மம் தாய் மாதிரியே இருக்கும்.

ஹலால் பார்ப்பவர்களுக்கு, முந்தைய பதிலில் சொன்ன உணவுகளில் பன்றி இறைச்சி கிட்டத்தட்ட கட்டாயம், கடையில் எடுத்துவிடச் சொன்னாலும் குழம்பு ஒன்றுதான். சௌ யாங் பக்கம் ஆற்றைக் கடந்தால் 'சாம்' என்கிற இனத்து முஸ்லிம்களின் கிராமம், முபாரக் மசூதி. அந்தப் பக்கம் போய்ச் சாப்பிடுங்கள். மாட்டிறைச்சியில் அவர்கள் போடும் 'துங் லோ மோ' என்கிற புளித்த தொத்திறைச்சியை வறுத்துத் தருவார்கள், மம் இல்லையே என்று வருத்தப்பட மாட்டீர்கள்.

புழு, புற்றுநோய்னு எல்லாம் சொல்றாங்களே, பயமில்லையா?

மூன்று விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது கல்லீரல் புழு. மேகாங் பகுதியின் நன்னீர்க் கெண்டை இன மீன்களைப் பச்சையாகச் சாப்பிட்டால் வருவது, பித்தநாளப் புற்றுநோய்க்குக் காரணம் என்று 1994-லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திவிட்டது. பச்சை மீனும், ஓரிரு நாள் மட்டும் புளித்த மீனும்தான் இதில் பெரிய ஆபத்து. மாதக்கணக்கில் கடும் உப்பில் கிடந்ததில் ஆபத்து வெகுவாகக் குறைவு. ஆனால் எத்தனை நாள் கிடந்தது என்று நமக்கு எப்படித் தெரியும்? அதனால் வேகவைத்துச் சாப்பிடுவதே மேல். மம் தாய் மட்டும் விதிவிலக்காகிறது, அதை நம்பகமான கடையில் வாங்குங்கள்.

இரண்டாவது, சீன முறை உப்பு மீனையும் அதே முகமை புற்றுநோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. அது மம் இல்லை, ஆனாலும் தினமும் சாப்பிடும் பொருளாக இதை ஆக்கிக்கொள்ள வேண்டாம் என்பதற்கு அதுவே போதுமான காரணம். மூன்றாவது உப்பு. ரத்த அழுத்தம் இருப்பவர்கள், சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் ருசி பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எவ்வளவு உப்பு என்று மூன்றாவது கேள்வியில் இருக்கிறது.

ஊருக்கு எடுத்துட்டு வரலாமா?

கைப்பையில் முடியாது. பெட்டியில் போடவும் விமான நிறுவனங்கள் மம், மீன் சாஸ் இரண்டுக்கும் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன, சில அறவே ஏற்பதில்லை. இறங்கும் நாட்டின் சுங்க விதி வேறு. இரண்டையும் டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் கேட்கவில்லை. கடைக்கார அம்மா பிளாஸ்டிக் ஜாடியின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பையில் போட்டு ரப்பர் பேண்டால் இறுக்கித் தந்ததில் எனக்கு முழு நம்பிக்கை. புளிக்கிற பொருளில் வாயு வரும் என்பது மறந்துபோனது. ஆறு மணி நேரப் பஸ், பக்கவாட்டுக் கதவுக்குள் என் பை, வெயில். ஹோ சி மின் நகரத்தில் கதவைத் திறந்தபோது ஓட்டுநர் எதுவும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். இரண்டு சட்டையைத் தூக்கிப் போட்டேன். பிழைத்தது கருப்பட்டி மட்டும். அதையே நீங்களும் வாங்கி வாருங்கள்.

கம்போடியாவோட பிரஹோக்கைத்தான் இவங்க பேரை மாத்தி விக்கிறாங்களாமே?

இது வம்புக் கேள்வி. பிரஹோக் கெமர் மக்களின் உணவு, மீனை நசுக்கி உப்பில் போட்டு நீண்ட நாள் வைப்பது. அதில் வறுத்த அரிசியும் கருப்பட்டிப் பாகும் கிடையாது. சௌ டொக்கின் மீன் மம்மில் பெரும்பாலும் அவை இரண்டும் இருக்கும். ஆகப் பொருள் வேறு. இன்னொரு பக்கம், புன் மம் குழம்பு பிரஹோக் குழம்பிலிருந்து வந்ததென்று வியட்நாமியர்களே சொல்வார்கள், சந்தையில் பிரஹோக்கை 'போ ஹொக்' என்று தனியாகவே விற்கிறார்கள், ஒளிக்கவில்லை.

இந்த நிலம் கெமர், சாம், சீனர், வியட்நாமியர் என்று எல்லோரும் கலந்தது. 1819 முதல் 1824 வரை ஆயிரக்கணக்கான ஆட்களை வைத்து இங்கே வின் தே கால்வாயை வெட்டினார்கள், எல்லையை ஒட்டியே போகிறது. வெட்டியதில் கெமர் ஆட்களும் வியட்நாமியரும் இருந்தார்கள், செத்தவர்களும் இரண்டு பக்கமும். சாடி யாருடையது என்று கோடு போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை, பனைக்கு அவர்கள் கெமர் சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று மேலேயே பார்த்தோம்.

இப்பல்லாம் வளர்ப்பு மீன்தானாம், ஆத்து மீனே இல்லையாம், நெஜமா?

பாதி நிஜம். விரால் பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்தது. கா லின் இன்னும் ஆற்று மீன்தான், ஆனால் வரத்து குறைந்துவிட்டது. மேலே அணைகள், மழை தவறிய வருஷங்கள், மூன்றாம் போக நெல்லுக்காக வயலைச் சுற்றி எழுப்பிய உயரமான கரைகள், மூன்றும் சேர்ந்து வெள்ளத்தைச் சுருக்கிவிட்டன. 2015-லும் 2019-லும் வெள்ளம் ரொம்பவே குறைவு. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மீன் வாங்கி வந்து போடுவதும் சாதாரணம்.

ருசி மாறிவிட்டதா என்றால், ஒரு கடையில் கேட்டதற்கு அந்த அம்மா விரால் தாம்பாளத்தைக் காட்டி 'கொழுப்பு ஜாஸ்தி' என்றார், கா லின் தாம்பாளத்தைக் காட்டி ஒன்றும் சொல்லாமல் விரலை ஒடுக்கி 'இத்தனூண்டு' என்று காட்டினார். முன்பு இன்னும் பெரிதாக வரும் என்று நான் புரிந்துகொண்டேன்.

ருசி பாக்கக் குடுத்து, எனக்குப் பிடிக்கலைன்னா? துப்பவா முடியும்?

துப்பாதீர்கள். விழுங்கிவிட்டு 'மான் குவா' சொல்லுங்கள், ரொம்ப உப்பு என்று அர்த்தம். பிடிக்கவில்லை என்று சொன்னதாகாது, பொய்யும் ஆகாது. சிரித்துக்கொண்டே மம் தாய் தாம்பாளத்துப் பக்கம் கையைக் காட்டுவார்கள், அதில் இனிப்பு அதிகம் இல்லையா. அதுவும் பிடிக்கவில்லை என்றால் அரைக் கிலோ கருப்பட்டி வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள், வெறுங்கையோடு போனதாக யாருக்கும் மனக்குறை இருக்காது.